கடைக்குட்டி பினாங்குக்கு வந்தபோது

மலேசியாவின் பாடாங் செராய் கடைத்தெருவில், மூடிக்கிடக்கும் ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்து போர்க்கப்பல்களுக்குச் சாமான் போகிறது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பியதில்லை. "போர்க்கப்பலுக்கா? நம்ம ஊர்லேருந்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சுகுமாரனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் கோப்பியைக் குடித்து முடிப்பான். அவனுக்கு விளக்கம் சொல்லும் பொறுமை இருந்ததில்லை. அவனுடைய அக்கா ராசாத்திதான் விடமாட்டாள். "ஆமா, போர்க்கப்பலுக்குத்தான். என்ன இப்ப?" என்று சண்டைக்கு நிற்பாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர்நாட்டுக் கடற்படையிடம் ஒரே வார்ப்பில் செய்த நாசகாரிக் கப்பல்கள் ஆறு இருந்தன. அவற்றின் ராடார்த் திரைகளுக்குப் பின்னால், மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ஒரு கார்டு உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். அதைக் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் செய்தார்கள். சிடாம் கிரி தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்த ராசாத்தி அங்கே சோல்டரிங் வரிசையில் இருந்தாள். ஒன்பது வயது இளையவனான சுகுமாரன் பின்னாளில் அதே இடத்தில் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தான். பிறகு அந்த முதலாளிகள் கூலி குறைந்த வேறு நாட்டைத் தேடிப் போனபோது, மிஞ்சிய கார்டுகளையும் பெட்டி பெட்டியாகக் கிடந்த உதிரிகளையும் ஏலம் விட்டார்கள்.

"எடுத்துருவோம்டா," என்றாள் அக்கா.

"என்னத்துக்கு? யாரு வாங்குவா?"

"கப்பல் என்ன கைபேசியா, வருசத்துக்கு ஒண்ணு மாத்துறதுக்கு? அவன் இன்னும் எத்தனையோ வருசம் ஓட்டுவான். செஞ்சவனே கடைய மூடிட்டா ரிப்பேருக்கு எங்க போவான்? நம்மகிட்டத்தான் வரணும்."

அப்படியே வந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த ஓர் இடைத்தரகர் வழியாக முதல் கடிதம் வந்தது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பெட்டி கூரியரில் கிளம்பும். கார்டுகள் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தால் அவற்றிலுள்ள கெப்பாசிட்டர்கள் உள்ளுக்குள் காய்ந்துபோகும். அவற்றைப் பிடுங்கிப் புதியது வைக்க வேண்டும், தங்க முலாம் பூசிய விளிம்பைத் துடைக்க வேண்டும், பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். இது முழுக்க அக்காவின் வேலை. கைலியும், தொழிற்சாலை கொடுத்த பழைய டீசட்டையும் போட்டுக்கொண்டு மாடி ஜன்னலோரம் பூதக்கண்ணாடி விளக்கின்கீழ் உட்கார்ந்தால், மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். அவள் முடித்துக் கொடுப்பதைச் சோதித்து, சான்றிதழ் அடித்து, ஆங்கிலத்தில் கடிதம் எழுதி அனுப்புவது சுகுமாரன் வேலை.

அந்தக் கப்பல்களுக்கு வடதிசைக் காற்றுகளின் பெயர்களை வைத்திருந்தார்கள். அக்காவின் வாயில் ஒன்றும் நுழையவில்லை. ஆகையால் அவளாகவே மூத்தவன், ரெண்டாவது, நடுவுளவன் என்று பேர் வைத்துக்கொண்டாள். கடைசியாகக் கட்டிய கப்பல் கடைக்குட்டி. "இது யாருக்குடா போகுது?" என்று கேட்பாள். "நடுவுளவனுக்கு" என்றால், "போன வருசந்தானே அவனுக்கு மாத்துனோம். சரியான ஊதாரி," என்று திட்டிக்கொண்டே ஈயத்தைக் காய்ச்சுவாள். பிள்ளையில்லாமல் விதவையாகிப்போன அவள் கப்பல்களைத் திட்டும்போது, மாடிப்படியில் ஏறிவரும் உமாராணிக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். உமாராணி சுகுமாரனின் மனைவி. கூலிமில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள்.

பிறகு அந்த நாடு புதிய கப்பல்களைக் கட்டியது. பழையவை ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போயின. மூத்தவன் போனான், அவன் பின்னாலேயே மற்றவர்களும். எஞ்சியிருந்த கடைக்குட்டியும் கடைசிச் சுற்றாக ஆசியப் பக்கம் வருகிறது, பினாங்குத் துறைமுகத்தில் மூன்று நாள் நிற்கும் என்று ஒரு நாள் சுகுமாரனுக்கு மின்னஞ்சல் வந்தது.

எழுதியவர் யோஹான். அந்தக் கப்பலின் மின்னணுப் பிரிவுக்குத் தலைவர். சுகுமாரனும் அவரும் முகம் பார்த்துக்கொள்ளாமலே பல வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். இத்தனை காலம் எங்களைக் கரைசேர்த்த உங்களையும் உங்கள் குழுவையும் கப்பலுக்கு அழைக்கிறோம், நீங்களும் உங்களோடு வேலை செய்பவர்களும் கட்டாயம் வர வேண்டும், பெயர்களை மட்டும் முன்கூட்டி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

படித்ததும் சுகுமாரனுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே சங்கடமாகிவிட்டது.

உங்கள் குழு என்று அவர் எழுதியதற்குக் காரணம் சுகுமாரன்தான். ஆரம்பத்தில், உங்கள் பட்டறை எப்படிப்பட்டது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கடற்படைக்காகத் தரகர் கேட்டபோது, ஹைடெக் பூங்காவில் வேலை செய்த ஒரு நண்பனிடம் படம் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டான். வெள்ளை அங்கியும் முகமூடியுமாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். அப்போது வேறு வழி தெரியவில்லை. துணிக்கடை மாடியில் என் அக்கா செய்கிறாள் என்று எழுதினால் எந்தக் கடற்படை வாங்கும்? பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. அவனும் கடிதத்துக்குக் கடிதம் எங்கள் குழு, எங்கள் தொழில்நுட்பப் பிரிவு என்றே எழுதிப் பழகிவிட்டான். எழுத எழுத அவனுக்கே அப்படி ஒரு பிரிவு எங்கோ இருப்பதுபோலத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

இப்போது அக்காவைக் கப்பலுக்குக் கூட்டிப் போனால்? தொழிற்சாலை இரைச்சலில் கத்திப் பேசிப் பழகிய குரல் அவளுக்கு. ஆங்கிலம் என்றால் 'ஓகே', 'கேன்', 'ரிஜெக்ட்' மூன்றும்தான். மீதியெல்லாம் மலாயும் தமிழும். மாடி ஜன்னலையும் துணிக்கடையையும் சேர்த்தே அவள் சொல்லிவிடுவாள், ஒளிக்கத் தெரியாது. அந்த வெள்ளைக்காரர் வருடக்கணக்காக வைத்திருந்த மரியாதை அந்த இடத்திலேயே கரைந்துபோகும் என்று அவன் பயந்தான். பயம் மட்டும்தானா என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விசயத்தைச் சொன்னபோது அக்கா சோல்டரிங் கோலை அதன் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்.

"கடக்குட்டி பினாங்குக்கு வர்றானா! நாமளும் போவோம்டா."

"எனக்கு மட்டுந்தான்கா பாஸ் குடுத்திருக்காங்க. ஒரு ஆளுக்குத்தான்."

"உள்ள விடாட்டி போவுது. வெளிய நின்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"துறைமுகத்துக்குள்ள பொதுமக்கள விடமாட்டாங்கக்கா. வெயில்ல நின்னு என்ன செய்வ?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி விடு. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். ஆனா ஒண்ணு செய்யி. நம்ம கார்டு உக்காந்திருக்கிற எடத்த பாத்துட்டு வா. எல்லாக் கப்பல்லயும் அந்த எடது மூல கெப்பாசிட்டர்தான் மொதல்ல போவுது. ஏன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. அங்க சூடு அடிக்குதா, காத்து போவுதா, தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு."

"பாக்குறேன்கா."

"மறந்துறாத."

கிளம்புகிற அன்று காலையில் அவன் அக்கா வீட்டு வாசலில் காடியை நிறுத்தி, கார்க் கதவைத் திறந்தபோது, அவள் பசியாறிவிட்டுப் போ என்று தோசை சுட்டு வைத்திருந்தாள். அவன் போட்டிருந்த சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டு, "டை கட்டலயா? வெள்ளக்காரன் முன்னாடி போய் நிக்கப்போற," என்றாள். அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பினாங்குப் பாலத்தில் ஏறும்போதே தூரத்தில் கப்பல் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், ஜார்ஜ்டவுன் கட்டடங்களோடு ஒரு கட்டடம்போல. பக்கத்தில் போனபோதுதான் அதன் வயசு தெரிந்தது. தட்டித் தட்டி நிமிர்த்திய தகடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயிண்டு. இவ்வளவு காலமாகத் தாங்கள் பார்த்ததெல்லாம் நோட்டுப் புத்தகம் அளவு கார்டைத்தான் என்பதும், அது இத்தனை பெரிய உடம்புக்குள் எங்கோ இருக்கிறது என்பதும் அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அக்கா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தான். அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டான்.

யோஹான் படிக்கட்டின் அடியிலேயே வந்து நின்றிருந்தார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர். ஓய்வு பெறப்போகும் வயது அவருக்கும். சுகுமாரனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனியாகவா வந்தீர்கள்? மற்றவர்கள்?"

"வேலை இருந்தது. வர முடியவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னான் சுகுமாரன்.

"அடடா," என்றார் யோஹான். மனதார வருத்தப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

குறுகலான இரும்புப் படிகளில் இறங்கி, ஏறி, குனிந்து குனிந்து போனார்கள். எதிர்ப்பட்ட மாலுமிகளிடமெல்லாம் யோஹான், "இவர்தான் மலேசியாவிலிருந்து கார்டு அனுப்புபவர்," என்று அறிமுகம் செய்தார். அவர்கள் ஒதுங்கி நின்று கைகொடுத்தார்கள். ஒருவன் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து கைகொடுத்துவிட்டுப் போனான். கடைசியில் ராடார் சாதனங்கள் இருக்கும் அறைக்கு வந்தார்கள். கதவைத் திறப்பதற்கு முன் யோஹான் ஒதுங்கிநின்று, நீங்களே பாருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

சாம்பல் நிற இரும்புக் கதவில், முகத்துக்கு நேரே, வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஓர் எழுத்து வரைந்திருந்தது. வரையத் தெரியாத கை வரைந்தது. கோடு கோணலாக இருந்தது. ஆனால் அது 'ரா' என்பதில் சந்தேகமே இல்லை.

சுகுமாரன் கைபேசியை எடுத்துக் கதவைப் படம் பிடித்தான்.

அக்கா முடித்த ஒவ்வொரு கார்டின் மூலையிலும் வெள்ளை மசியில் பொடியாக 'ரா' என்று எழுதுவாள். தன் கைப்பட்டது எது, படாதது எது என்று அடையாளம் தெரிவதற்காகத் தொழிற்சாலையில் பழகிய பழக்கம். அவனும் கண்டுகொண்டதில்லை. இவ்வளவு தூரம் போய் யார் அதைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தான்.

"எங்கள் கடலில் ஒரு தடவை மூன்று நாள் பனிமூட்டம்," என்று யோஹான் சொல்ல ஆரம்பித்தார். "சுற்றி மீன்பிடிப் படகுகள். வேறு ஒருவரிடம் வாங்கிய கார்டு இரண்டும் அடுத்தடுத்துப் போய்விட்டன. பெட்டியில் மிச்சம் இருந்தது இந்தக் குறி போட்ட கார்டு ஒன்றுதான். அதை வைத்துத்தான் யார்மேலும் மோதாமல் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு பையன்கள் இந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கார்டை எடுப்பார்கள். கதவில் வரைந்ததும் அவர்கள்தான். கேப்டன் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்டார்."

சுகுமாரன் அந்தக் கோணல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு ஒரு விசயம் தெரிய வேண்டும்," என்றார் யோஹான். ஆசையாகக் கேட்டார். "இது அச்சடித்த முத்திரை இல்லை. ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. கையால் எழுதுகிறார்கள். யார் எழுதுவது? அது என்ன? பெயரா? எங்களுக்குள் இதில் ஒரு வாக்குவாதமே உண்டு. ஒரு பெண் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

பதில் சுகுமாரனின் நாக்கு நுனியில் இருந்தது. என் அக்காவின் பெயர். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால், அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பார். எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று கேட்பார். அந்தப் படத்தில் எங்கே என்று கேட்பார். அத்தனை கேள்விகளும் ஒரே நேரத்தில் அவன் கண்முன் வந்து நின்றன.

"அது எங்கள் கம்பெனியின் தரக்குறி," என்றான். "வேலை செய்பவர்கள் பலபேர். அதனால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது."

"ஓ," என்றார் யோஹான். "அப்படியா."

வேறொன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். கார்டு இருக்கும் பெட்டியை இழுத்துக் காட்டினார். சுகுமாரன் குனிந்து பார்த்தான். காற்றுப் போகும் குழாய் பெட்டியின் வலது பக்கத்தில்தான் திறந்திருந்தது. இடது மூலைக்குக் காற்றே வரவில்லை. கையை வைத்தான், சுட்டது. அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இறங்கும்போது, கப்பலின் பெயர் பின்னிய நீலத் தொப்பி ஒன்றை யோஹான் கொடுத்தார். "உங்கள் குழுவுக்கு," என்றார். "நாளை சாயங்காலம் கிளம்புகிறோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் கொடியை இறக்கிக் கப்பலுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்."

திரும்பி வந்தபோது அக்கா மாடியிலேயே காத்திருந்தாள். அவன் படியேறி முடிப்பதற்குள், "பாத்தியா? மூலய பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்கா. காத்து ஒரு பக்கந்தான் வருது. எடது பக்கம் கொதிக்குது."

"அதான!" என்று தொடையில் தட்டினாள் அக்கா. "நான் சொல்லல? அது சாமான் கோளாறு இல்ல, வச்ச எடத்துக் கோளாறுன்னு? மடையனுங்க, கப்பலு கட்டத் தெரியுது, ஒரு ஓட்ட போடத் தெரியல." அவளுக்கு அவ்வளவு சந்தோசம். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்டாள். படிக்கட்டைச் சொன்னான், மாலுமிகளைச் சொன்னான், சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தவனைச் சொன்னான். கதவைச் சொல்லவில்லை. தொப்பி காடியிலேயே கிடந்தது.

வீட்டில் உமாராணி அவன் கைபேசியை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நின்றாள்.

"ஏங்க, இது நம்ம அக்காவோட எழுத்துல்ல?"

அவன் கைபேசியைத் திரும்பக் கேட்டான். அவள் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னான். குழுவுக்கே அழைப்பு வந்தது, ஒருவருக்குத்தான் என்று சொன்னது, யோஹான் கேட்டது, தான் சொன்னது. உமாராணி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டுக் கைபேசியை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலந்தானே கெளம்புறாங்க? காலைல மொத வேலையா கூட்டிட்டுப் போங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

"இருக்கிற மூஞ்சிதான். வேற எது இருக்கு?"

காலையில் அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அங்கேயே நின்று சொன்னான். உட்கார்ந்து சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அக்கா கையிலிருந்த ஈரத் துண்டை உதறாமல், கொடியிலும் போடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் கைபேசியை நீட்டினான். கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து, கதவையும் எழுத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

"யாரு வரஞ்சது?"

"மாலுமிப் பையனுங்க."

"'ரா'வுக்குக் கால் இழுக்கத் தெரியல," என்றாள். சிரிப்புபோல ஒன்று வந்து போயிற்று. பிறகு கேட்டாள். "என்னையும் கூட்டியாரச் சொல்லித்தான் எழுதியிருந்தானா?"

"ஆமாக்கா."

"யாரு எழுதுறதுன்னு அவன் கேட்டானா?"

"கேட்டாரு."

"நீ கம்பெனி முத்திரைன்னு சொன்ன."

அவன் தலையசைத்தான். "தப்புதான்கா. ஒன்னய அசிங்கமா நெனச்சேன்னு நெனக்காத. நான்..." அதைத்தான் நினைத்திருந்தான். "இப்பவே கெளம்பிரலாம்கா. மத்தியானத்துக்குள்ள போயிரலாம். நானே அவர்கிட்ட எல்லாத்தயும் சொல்லிர்றேன். சேலய மாத்திக்கிட்டு வா."

அக்கா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள்.

"வேணாம்பா."

"ஏன்கா? கோவமா?"

"கோவம் என்ன கோவம். இப்ப நான் போயி அங்க நின்னா, நேத்து நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும்ல? அந்த ஆளு ஒன்ன எப்படிப் பாப்பான்? ஒன்னயத் தல குனிய வச்சிட்டு நான் அங்க என்னத்தப் பாக்கப்போறேன்."

"எனக்கு அது பரவால்லக்கா."

"எனக்குப் பரவால்லன்னு இல்ல."

அவன் கெஞ்சினான். காடிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் துணி முழுவதையும் காயப்போட்டு முடிக்கும்வரை நின்று கெஞ்சினான். அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னாள்.

"முந்தாநாளு கூப்ட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்டா. போகணும்னு இருந்துச்சு. இப்ப இல்ல. நீ போயி மாடியத் தொற, நான் பின்னால வர்றேன்."

சாயங்காலம் கடைக்குட்டி பினாங்கிலிருந்து கிளம்பிப் போயிற்று. அந்நேரம் இருவரும் மாடியில்தான் இருந்தார்கள். அவள் ஜன்னலோரம் ஒரு பழைய பவர் சப்ளையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கணினி முன்னால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தை அவளும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததை அவன் கவனித்தான்.

அதன்பின் அவர்களுக்குள் எதுவும் மாறவில்லை என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அக்கா வழக்கம்போல அவனுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம்போலத் திட்டினாள். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிப் பார்த்து, "நல்ல துணி," என்று சொல்லி அலமாரி ஆணியில் மாட்டினாள். ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் கப்பல்களைப் பற்றி எந்நேரமும் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பவள், இப்போது கேட்பதில்லை.

சுகுமாரன் யோஹானுக்கு எழுதினான். பல தடவை அழித்து அழித்து எழுதினான். அது குறி இல்லை, என் அக்காவின் பெயரின் முதல் எழுத்து, நீங்கள் சொன்னதுதான் சரி, அது ஒரு பெண், படத்தில் இருக்கும் ஆட்கள் யாரும் எங்கள் ஆட்கள் இல்லை, எல்லாக் கார்டையும் செய்தது அவள் ஒருத்திதான் என்று எழுதி அனுப்பினான். தைரியம் வந்து அனுப்புவதற்குச் சில வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. அதற்குள் கொடியை இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தக் கப்பலின் முகவரி இப்போது இல்லை என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது. கடற்படையின் பொது அலுவலகத்துக்கு எழுதினான். அந்த வகைக் கப்பல்களுக்கான உதிரிபாகங்கள் இனித் தேவைப்படாது, இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது. யோஹான் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தரகரும் கடையை மூடிவிட்டார்.

மிஞ்சிய கார்டுகளை வாங்க ஆள் இல்லை. சுங்கைப் பட்டாணியில் பழைய மின்சாமான் எடுக்கும் சீன முதலாளி ஒருவர், எல்லோருக்கும் தவுக்கே, விளிம்பிலுள்ள தங்கப்பூச்சுக்காக எடைபோட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலை லோரியோடு வந்தார். அக்காவும் வந்திருந்தாள். வரும் திங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையலுக்குச் சேரப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவளும் சுகுமாரனும் எதிரெதிரே உட்கார்ந்து, கார்டுகளைப் பளபளக்கும் பைகளிலிருந்து உருவி உருவிக் கோணியில் போட்டார்கள். பை தனி, கார்டு தனியாக இருந்தால்தான் எடுப்பேன் என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

கோணி நிறைந்து தராசுக்குப் போனது. தவுக்கே மேலாக ஒரு கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு தெரியுமா தவுக்கே?" என்று மலாயில் கேட்டான் சுகுமாரன். அவர் கேட்காமலேதான் கேட்டான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "என் அக்கா. இவங்கதான். ஒவ்வொண்ணயும் இவங்க கையால செஞ்சாங்க. போர்க்கப்பல்ல ஓடினது இது. கப்பல் கதவுல இவங்க பேர எழுதி வச்சிருந்தாங்க."

தவுக்கே அக்காவைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். "பாகுஸ், பாகுஸ்," நல்லது, நல்லது என்றார். கார்டைக் கோணியில் போட்டுவிட்டுத் தராசு முள்ளைப் பார்க்கக் குனிந்தார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எட போடுறவருகிட்ட எதுக்குப்பா இதப் போயி சொல்லிக்கிட்டு," என்றாள் தாழ்ந்த குரலில். அவள் அப்படித் தாழ்ந்த குரலில் பேசி அவன் கேட்டதில்லை.

லோரி கிளம்பிப் போனபிறகு மாடி வெறிச்சோடிக் கிடந்தது. அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்று டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். கருவாட்டுக் குழம்பு. அவனுக்குப் பிடித்தது.

"சாப்புடு. ஆறிப்போவுது."

அவன் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கேண்டீனுக்குக் காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டியிருக்கும், மழை பெய்தால் பஸ் கிடைக்குமா என்று பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

"நான் கொண்டுபோயி விடுறேன்கா," என்றான் சுகுமாரன். "தெனமும் விடுறேன்."

"ஒனக்கு எதுக்குப்பா செரமம்," என்றாள் அவள். "நான் பஸ்லயே போயிக்கிறேன்."